கப்பலில் என் எண்ணெய்க் காலடிகள்

குற்றாலத்தில் சீசன் காலத்தில் மானம் என்பது ஒரு முழத் துணிக்குள் அடங்கிவிடுகிற சமாசாரம். சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் வக்கீலும் மிராசுதாரும் கோவணத்தைக் கட்டிக்கொண்டு, தலைமுதல் கால்வரை நல்லெண்ணெய் வழிய, தெருவில் சாவகாசமாக நடப்பார்கள். எதிரே தெரிந்தவர் வந்தால் நின்று பேசுவார்கள். கோர்ட்டு விஷயம், மழை விஷயம், மருமகள் விஷயம் எல்லாம் பேசி முடிப்பார்கள். எண்ணெய் ஊற வேண்டுமே! ஊறாமல் அருவியில் போய் நின்றால் அதற்குப் பெயர் நனைவது, குளிப்பது அல்ல.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் செய்த காரியத்துக்கு என் பக்கம் இருக்கிற ஒரே நியாயம் இதுதான்.

முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு வயது இருபத்து மூன்று. தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். ஐந்து மகா சமுத்திரங்களையும் படத்தில் பிரம்பால் தட்டித் தட்டி மூன்று வருஷம் பாடம் நடத்தியிருந்தேன். ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை. (பார்த்தது சிற்றாறு. அதுவும் கோடையில் கணுக்கால் அளவு.)

அந்த வருஷம் ஆலங்குளத்தில் பெண் பார்க்கப் போனோம். பெண் பெயர் கோமதி. பலகாரத் தட்டை வைத்துவிட்டு உள்ளே ஓடாமல், நேராக என்னைப் பார்த்து, "நீங்க கடல் பாடம் எடுக்குதியளாமே. கடல் எப்பிடி இருக்கும்?" என்று கேட்டாள்.

நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "நீலமா இருக்கும். அடிக்கடி போய்ப் பார்ப்பேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். நம்பிச் சிரித்தாளா, நம்பாமல் சிரித்தாளா என்று தெரியவில்லை. ஆனால் கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று எனக்கு அப்போதே ஆகிவிட்டது.

ஒரு சிக்கல் இருந்தது. கோமதிக்கு அப்பா இல்லை. எல்லாம் அண்ணன் பூதலிங்கம்தான். அவர் ஒரு சீமைக் கப்பலில் ஸ்டோர் கீப்பர். சரக்குக் கப்பல் இல்லை. பணக்கார வெள்ளைக்காரர்கள் துறைமுகம் துறைமுகமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டே உலகத்தைச் சுற்றுகிற உல்லாசக் கப்பல். அவரிடமிருந்து கடிதம் வந்தது: "ஆவணியில் தூத்துக்குடியில் இரண்டு நாள் நிற்போம். நான் இறங்க முடியாது. பையனைக் கப்பலுக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்."

எனக்கு ஒரு வாரம் தூக்கமில்லை. கல்யாண பயம் பாதி, கப்பல் ஆசை பாதி. (சரி, கப்பல் ஆசை முக்கால்.) குற்றாலத்துத் தோட்டத்தில் ஒரு கூடை மங்குஸ்தான் பழம் வாங்கினேன். அம்மா ஒரு பெரிய பாட்டில் நிறையச் செக்கு நல்லெண்ணெய் கொடுத்தனுப்பினாள். துணைக்கு என் தாய்மாமா சுப்பையா வந்தார். தூத்துக்குடிக் கடற்கரையில் அலையைப் பார்த்ததும் மாமா மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் இங்கனயே இருக்கேன். நீ போயிட்டு வா. ஏலே, அவன் கேக்கதுக்கு மட்டும் பதில் சொல்லு. எதையும் தொடாத. எங்கயும் சுத்தாத."

மூன்றில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை.

தூத்துக்குடியில் பெரிய கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. வெகுதூரம் தள்ளி நங்கூரம் போட்டிருக்கும். நாம்தான் நீராவிப் படகில் போகவேண்டும். போகிற வழியில், நான் இத்தனை நாள் பிரம்பால் அடித்ததற்கெல்லாம் சமுத்திரம் பழி வாங்கிவிட்டது. காலையில் சாப்பிட்ட ஆறு இட்லியையும் அதற்கே கொடுத்தேன். ஆனால் கப்பலைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. அடேயப்பா! தென்காசிக் கோபுரத்தைப் படுக்கப்போட்டு, அதற்கு வெள்ளையடித்து, மூன்று புகைபோக்கி வைத்த மாதிரி நின்றது!

பூதலிங்கம் பக்கவாட்டுக் கதவில் நின்றிருந்தார். கறுத்த, உயரமான மனிதர். முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. வாசலில் ஒரு புத்தகம். வருகிறவர் பெயர், அவர் யாருக்கு என்ன உறவு என்று எழுதவேண்டும். பேனாவை எடுத்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் பெயருக்கு எதிரே, 'பழம் கொண்டுவந்தவர்' என்று ஆங்கிலத்தில் எழுதினார்.

எனக்குச் சுருக்கென்றது. "மாப்பிள்ளை பாக்கத்தானே..." என்று இழுத்தேன்.

"இன்னும் நிச்சயமாகலல்லா? ஆனப்புறம் எழுதுவோம்" என்றார். கூடையை வாங்கிக்கொண்டார். எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்து முகர்ந்ததும் அந்த முகம் கொஞ்சம் இளகியது. "செக்கு எண்ணெய்! ஏழு மாசமாச்சு வே இந்த வாசனைய மோந்து பாத்து. வாரும், கப்பலச் சுத்திக் காட்டுதேன்."

அதன்பின் ஒரு மணி நேரம் நான் பூமியில் இல்லை. சமையலறைக்குள் நுழைந்தோம். ஒருவர் உருளைக்கிழங்கு மலைக்கு நடுவே உட்கார்ந்து தோல் சீவிக்கொண்டிருந்தார். தலை மட்டும்தான் தெரிந்தது. ரொட்டி அடுப்பின் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு படுக்கை அறை அளவு இடம்! அடுத்தது குளிர் அறை. கதவைத் திறந்ததும் வெண்புகை வந்து முகத்தில் மோதியது. ஆட்டிறைச்சி வரிசையாகத் தொங்க, சுவரெல்லாம் உறைபனி. நான் சுவரைச் சுரண்டி வாயில் போட்டுப் பார்த்தேன். (இருபத்து மூன்று வயது வாத்தியார்.) சலவை அறையில் பீப்பாய் போன்ற யந்திரங்கள் தாமே சுழன்று துணி துவைத்தன. நான் கைதட்டியே விட்டேன்.

இரும்பு ஏணிகளில் ஏறியும் இறங்கியும் போகும்போது பூதலிங்கம் ஒரு விஷயம் சொன்னார். "நல்லாக் கேட்டுக்கிடும். இது ஒரு கப்பல் இல்ல வே, ரெண்டு கப்பல். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. கீழ இப்பிடி ஒண்ணு இருக்குதுன்னே மேல உள்ளவனுக்குத் தெரியக்கூடாது. எங்க வேலையே அதுதான். நாங்க யாரும் அந்தப் பக்கம் தலை காட்டுனா சீட்டு கிழிஞ்சிரும்."

நான் நன்றாகத் தலையாட்டினேன்.

கடைசியாகப் பாய்லர் அறை. தீயின் எதிரே ஆட்கள் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மச்சானாகப் போகிறவர் முன்னால் வீரத்தைக் காட்ட இதைவிட நல்ல இடம் வாய்க்காது என்று தோன்றியது. ஒருவர் கையிலிருந்த கரிவாரியை வாங்கி, ஒரு அள்ளு அள்ளி, வீசினேன். கரி தீக்குள் போகவில்லை. விளிம்பில் பட்டு முழுவதும் என் மேலேயே திரும்பி வந்தது. கரி அள்ளுகிறவர்களிலேயே நான்தான் அதிகக் கறுப்பு என்று அவர்களே சொல்லிச் சிரித்தார்கள். பூதலிங்கம் சிரிக்கவில்லை. பெருமூச்சு விட்டார்.

என் வேட்டி சட்டையைச் சலவை அறைக்கு அனுப்பினார். வேலையாட்கள் குளிக்கிற இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். தலைக்கு மேலே ஒரு பருத்த குழாய். "பன்னெண்டு மணிக்குத்தான் தண்ணி விடுவான். இன்னும் அரை மணி இருக்குது. எனக்கு மதியச் சாப்பாட்டுக்குச் சாமான் எடுத்துக் குடுக்கணும். இங்கனயே இரும்" என்று சொல்லிவிட்டு, கூடையையும் பாட்டிலையும் என் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

யோசித்துப் பாருங்கள். ஒரு தென்காசிக்காரன். இடுப்பில் கோவணம். தலைக்கு மேலே விழப்போகிற தண்ணீர். அது விழ அரை மணி நேரம். கைக்கெட்டும் தூரத்தில் செக்கு நல்லெண்ணெய். போதாக்குறைக்கு அன்று சனிக்கிழமை! என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?

முக்கால் பாட்டில் தீர்ந்தது. ஏழு மாதமாக அந்த வாசனைக்கு ஏங்கிய மனிதருக்கு வந்த எண்ணெய் என்பது, சத்தியமாக, அப்போது என் நினைவில் இல்லை.

எண்ணெய் தேய்த்தவன் ஒரே இடத்தில் நிற்க முடியுமா? கீழே வேறு அனல். நாலு எட்டு நடந்தால் காற்று வரும் என்று துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஒரு ஏணியில் ஏறினேன், காற்று வந்தது. இன்னொன்றில் ஏறினேன், இன்னும் நல்ல காற்று. ஒரு கதவு, அதில் பளபளவென்று பித்தளைக் கைப்பிடி. திறந்து காலை வைத்தேன். இரும்புத் தரை போய், காலுக்குக் கீழே மெத்தென்று கம்பளம் வந்தது. புத்தியுள்ளவன் அங்கேயே திரும்பியிருப்பான். நானோ, 'அட, நன்றாக இருக்கிறதே' என்று நினைத்துக்கொண்டு எதிரே இருந்த அடுத்த கதவையும் திறந்தேன்.

ஜில்லென்ற கடற்காற்று. பாலால் கழுவின மாதிரி வெள்ளை மரத்தளம். அதில் பிரம்பு நாற்காலிகள் போட்டு முப்பது துரைகளும் துரைசானிகளும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை கிண்ணங்களும் பாதி வழியில் நின்றன.

குற்றாலத்துத் தெருவில் என்ன செய்வேனோ அதையே செய்தேன். "குட் மார்னிங்" என்று சொல்லிக் கும்பிட்டேன். கும்பிட்டபோது துண்டு அவிழ்ந்து விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தேன். எண்ணெய்க் கால், இழைத்த மரம். சறுக்கி விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். மூன்றாவது முறை விழுந்தபோது ஒரு கிழத்துரை கைதட்டினார். உடனே எல்லோரும் கைதட்டினார்கள். கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்த உள்ளூர் மல்யுத்தம் என்று நினைத்துவிட்டார்களாம்! எதிராளி எப்போது வருவான் என்று ஒரு துரைசானி எட்டி எட்டிப் பார்த்தாள்.

எதிராளி வந்தார். வெள்ளை உடுப்பு, தோளில் தங்கப் பட்டை. கேப்டன். விறுவிறுவென்று என்னை நோக்கி நடந்து வந்தவர், சரியாக என் நாலாவது எண்ணெய்க் காலடியில் கால் வைத்தார். அடுத்த கணம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்குத்தான் பெரிய கைதட்டல்.

என்னை வாசல் புத்தகத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 'பழம் கொண்டுவந்தவர்.' பழக்காரன் கோவணத்தோடு மேல்தளத்தில் திரிந்தால் திருட வந்தவன்தானே? துறைமுகப் போலீஸில் ஒப்படையுங்கள் என்றார் கேப்டன். வேலை போச்சு, மானம் போச்சு, கோமதி போச்சு. போலீஸைவிட அந்தக் கடைசிக்குத்தான் பயந்தேன்.

அப்போது பூதலிங்கம் ஓடிவந்தார். என்னைப் பார்த்தார். என் மேல் வழிகிற எண்ணெயைப் பார்த்தார். மூக்கு விடைத்தது. வாசனையை அடையாளம் கண்டுகொண்டார்! வாயைத் திறக்காமல் திரும்பிப் போயிருந்தால் அவருக்கு ஒரு சேதமும் இல்லை. ஆனால் ஓர் எட்டு முன்னால் வந்து, "சார், இவர் என் தங்கையின் மாப்பிள்ளை" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"அப்படியானால் ஏன் பழக்காரன் என்று எழுதினாய்?"

"அப்போது நிச்சயமாகவில்லை சார்."

"எப்போது நிச்சயமாயிற்று?"

"இப்போதுதான் சார்."

கேப்டன் எண்ணெய் வடிகிற என்னை உச்சிமுதல் உள்ளங்கால்வரை பார்த்தார். பூதலிங்கத்தை அனுதாபத்தோடு பார்த்தார். அவர் மீசை துடித்தது. புத்தகத்தில் பழத்தை அடித்துவிட்டு உறவை எழுதச் சொன்னார். பூதலிங்கத்தின் கையெழுத்தையும் வாங்கினார். "தளம் பழையபடி வெள்ளையாக வேண்டும். குடும்பமாகத் தேயுங்கள்" என்று சொல்லிவிட்டு, தன் கால்சட்டையின் பின்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு போனார்.

எங்கள் பக்கம் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையையும் மச்சானையும் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். எங்களையும் அப்படித்தான் வைத்தார்கள். முட்டி போட்டு, ஆளுக்கொரு தேய்ப்புக் கல்லோடு.

"மச்சான்..." என்றேன் மெதுவாக.

"பேசாதேயும். பேசுனா நானே கடல்ல தள்ளிருவேன்."

அரை மணி நேரம் தேய்த்தோம். அவர் தோள் குலுங்குகிற மாதிரி இருந்தது. அழுகிறார் என்று நினைத்து நடுங்கிப்போனேன். எட்டிப் பார்த்தால், அந்தச் சிரிக்காத மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்த மூலைய விட்டுட்டீரே, மாப்ளே" என்றார்.

என் பிறவியில் அவ்வளவு ஆசையாக ஒரு மூலையை நான் தேய்த்ததில்லை!

தேய்த்து முடித்தபோது குழாயில் தண்ணீர் நின்றுபோயிருந்தது. துவைத்த சட்டையை எண்ணெய் உடம்பின் மேலேயே போட்டுக்கொண்டு கரைக்கு வந்தேன். மாமா என்னைப் பார்த்ததும், "என்ன சொன்னான்?" என்றார். "நிச்சயமாயிட்டு" என்றேன். "பொறகு ஏன்லே அழுத மாதிரி வடியுது?" என்றார். ரயிலில் எங்கள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. மறுநாள் காலை ஐந்தருவியில் தலையைக் கொடுத்த பிறகுதான் அந்த எண்ணெய் இறங்கியது. (என் தலைமுடி இன்றுவரை கொட்டாததற்குக் காரணம் அந்த ஒருநாள் ஊறல்தான் என்று நான் நம்புகிறேன்.)

தை மாதம் கல்யாணம் நடந்தது. கோமதி என்னிடம் முதலில் கேட்டது, "இப்பவாவது கடலப் பாத்தியளா?" என்பதுதான். அன்று ஆலங்குளத்தில் அவள் நம்பாமல்தான் சிரித்திருக்கிறாள்.

வருஷங்கள் ஓடிவிட்டன. கப்பல் வேலையை விட்டுவிட்டு வந்த மச்சான், எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்கு வரன் வந்தாலும் நடுவில் நாற்காலி போட்டு உட்காருவார். பையன் என்ன படித்திருக்கிறான், எங்கே உத்தியோகம் என்று மற்றவர்கள் கேட்பார்கள். அவருக்கு ஒரே கேள்விதான். போன வாரம் எங்கள் மகளைப் பார்க்க வீரகேரளம்புதூரிலிருந்து வந்த பையனிடமும், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், அதையே கேட்டார்.

"தம்பி, நீரு எண்ணெய் தேய்ச்சா ஓரிடத்துல இருப்பீரா?"

பையன் விழித்தான். தன் அப்பாவைப் பார்த்தான். அப்புறம், உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தவன்போல, "இல்ல மாமா, கொஞ்சம் நடப்பேன்" என்றான்.

உள்ளேயிருந்து கோமதியின் குரல் வந்தது. "அண்ணே, இந்தப் பையனையே எழுதிப்போடு."

மச்சான் என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, தாம்பாளத்த எடும்" என்றார்.