லாயர் ஃபீஸுக்கு ஒரு வரம்பு

நடுவர் திருநாவுக்கரசு விசாரணையை மறுபடியும் தள்ளிவைத்தார். கேப்ரியல் லாயர் ஃபீஸை மனசுக்குள் கூட்டிப் பார்த்தான்.

பாரோய் ஊரில் அம்மா விட்டுப்போன வீடு தனக்கா, அக்கா அந்தோனியம்மாளுக்கா என்பதுதான் வழக்கு. அம்மாவை அடக்கம் செய்த அன்று இருவருக்கும் நின்ற பேச்சு, நின்றதுதான். கோர்ட் என்றால் இழுக்கும் என்று நடுவரிடம் வந்தார்கள். தோற்றவர் மற்றவருடைய லாயர் ஃபீஸையும் கட்டவேண்டும் என்று வீராப்பாகக் கையெழுத்தும் போட்டார்கள். சுங்கை காடுட் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் கேப்ரியல் தன் வழக்கைத் தானே பேசினான். அக்காவுக்கு லாயர் ரோகினி. தோற்றால் வீட்டோடு அவனுடைய மோட்டார் சைக்கிளும் போகும்.

"அந்த லாயரம்மா ஒரு தடவ வந்தா இவ்வளவுதான்னு வரம்பு கட்டுங்க சார்," என்று கேட்டான். நடுவர் கட்டினார். உடனே ரோகினி, ஒரு நாளில் முடிகிற வேலையை நான்கு நாளாக்கினார்.

சரி, மொத்த ஃபீஸுக்கே வரம்பு வையுங்கள் என்றான். அதுவும் கிடைத்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, அடுத்த வாரம் அக்கா தரப்பில் சாட்சி சொல்ல வந்தாள் மங்கம்மா, அவர்கள் வளர்ந்த எஸ்டேட்டில் பக்கத்து வீட்டில் இருந்தவள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சின்ன வயதில் கேப்ரியல் ரம்புத்தான் பழம் திருடித் தின்று பேதியில் கிடந்ததையும், அக்கா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடியதையும் விலாவாரியாகச் சொன்னாள். நடுவரே சிரித்துவிட்டார். அக்கா தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி சுவரைப் பார்த்தான்.

பொறுமை போய்விட்டது. இனி லாயருக்கு ஒரு சென்கூடக் கிடையாது, அடுத்த விசாரணையே கடைசி என்று மன்றாடி உத்தரவு வாங்கினான்.

கடைசி நாள் அக்கா மெதுவாக எழுந்தாள். "வீடு தம்பிக்கே இருக்கட்டும் சார்." கையெழுத்துப் போட்டாள். அவன் நிமிர்ந்து பார்ப்பானா என்று கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

ஜெயித்த மிதப்பில் கேப்ரியல் படிக்கட்டில் ரோகினியை மடக்கினான்.

"காச நிறுத்துனேன், கேஸ் முடிஞ்சிருச்சி லா. பாத்தீங்களா?"

ரோகினி ஃபைலை மூடினார்.

"ரெண்டாவது தடவையிலேர்ந்து நான் காசே வாங்கலண்ணே. இந்தக் கேஸ் நிக்காது, விட்டுக் குடுத்துருங்கன்னு உங்க அக்காகிட்ட அப்பவே சொன்னேன். 'முடிச்சிராதம்மா, கேஸ் முடிஞ்சா என் தம்பிய நான் எங்க போயி பாக்குறது'ன்னாங்க."