காதுகுத்துக்கு வராதீர்கள் மச்சான்

ஆவடி பேக்டரி குவார்ட்டர்ஸ்,
1994

மாங்காட்டில் வெண்டைத் தோட்டமும் மூக்குப்பொடி டப்பாவுமாக வாழும் மதிப்பிற்குரிய மச்சான் கஜபதி அவர்களுக்கு, தங்கை கணவன் கலியமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. அங்கே பிள்ளைகள், மாடு கன்று, பம்புசெட்டு எல்லாம் சுகமென நம்புகிறேன்.

பையனின் காதுகுத்தைத் தள்ளி வைத்துவிட்டேன். தாய்மாமனாகிய நீங்கள் தயவுசெய்து வர வேண்டாம். கோபப்படாமல் மேலே படியுங்கள்.

தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரம்மா, "அம்மா ரொம்ப கனமா இருந்தா சில குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் கம்மியா இருக்கலாம்னு சொல்றாங்க. இன்னும் சரியாத் தெரியல. பயப்படாம தாய்ப்பால் குடுங்க, ஊசியை விடாதீங்க, சளி புடிச்சவங்க கிட்ட குழந்தையக் குடுக்காதீங்க" என்றார். பயத்தில் அந்தப் 'பயப்படாம' மட்டும் எனக்கு ஏறவே இல்லை. உங்கள் தங்கை புஷ்பாவின் கனத்த உடம்புதான் உங்களுக்குத் தெரியுமே. அன்றே நான் அவள் சோற்றைப் பாதியாக்கி, வாசலில் வாளியும் சோப்பும் வைத்து, இருமிய குற்றத்துக்காகப் பக்கத்து வீட்டு வரலட்சுமியம்மா முகத்தில் கதவைச் சாத்தினேன். அவரோ அன்றுமுதல் குழாயடியில் எனக்கு வழிவிடுவதில்லை. இதற்கிடையில் பட்டாபிராமிலிருந்து ரயிலேறி வந்த என் அம்மா நாகம்மாவையும் கை கழுவச் சொல்லப்போக, "இன்னாடா, உன்னைத் தூக்கி வளர்த்த கைக்கே சோப்பா?" என்று கேட்டுவிட்டு அவள் அடுத்த ரயிலிலேயே போய்விட்டாள்.

புஷ்பா சண்டை போட்டிருந்தால் தேவலை. பாதிச் சோற்றையும் ஒதுக்கிவிட்டு, "என் உடம்பால புள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா இன்னா பண்றது?" என்று அழுதாள். டாக்டரம்மாவிடமே ஓடினேன்.

"பால் குடுக்கிறவளைப் பட்டினி போடச் சொன்னது யாரு? நல்லா சாப்பிடட்டும், நடக்கட்டும், எடை மெதுவாக் குறையும். குழந்தை ஜோரா வளர்றான். கோளாறு உங்க கிட்டதான்" என்று பிடிபிடியென்று பிடித்தார்.

சோறு முழுதாகிவிட்டது. சோப்பு மட்டும் வாசலில் இருக்கிறது. நீங்களோ பொடி போட்டு வார்த்தைக்கு ஒரு தும்மல் போடுகிறவர். ஆகவே அடுத்த ஊசி வரை பொறுத்தருளவும்.

பையனுக்கு நீண்ட ஆயுளும் தங்கள் மூக்குக்குச் சற்று ஓய்வும் வேண்டி,
கலியமூர்த்தி

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிட்டு உடனே புறப்பட்டு வரவும். நேற்றிலிருந்து எனக்குத்தான் கடும் சளி. புஷ்பா என்னை வாசலுக்குத் தள்ளிவிட்டாள். மனசு கேட்காமல் திரும்பி வந்த அம்மா, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே பேரனைக் கொஞ்சுகிறாள். "அண்ணனை வரச் சொல்லு, பொடி டப்பா மட்டும் வாசல்ல உன்கூட இருக்கட்டும்" என்கிறாள் உங்கள் தங்கை. ஜன்னலில் பையனைத் தூக்கிக் காட்டுகிறாள். கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான். நான் தும்மத் தும்மச் சிரிக்கிறான் மச்சான்!