பாலிஷ்காரருக்கும் வேன்காரருக்கும் நடுவில்

மேசை நாற்காலிக் கடையின் பின்னறையில் அன்று இருந்தவர்கள் இவர்கள்தான்: கடை முதலாளியான பெரியவர், அவருடைய மகள், மாப்பிள்ளை, கணக்குப் பார்க்க வந்த ஆடிட்டரம்மா, வாசற்படியில் உட்கார்ந்து ஒரு நாற்காலிக்கு மெருகேற்றிக்கொண்டிருந்த பாலிஷ்காரர். பெரியவரின் தம்பி அங்கே இல்லை. தானும் கூட இருந்ததாக அவர் பிற்பாடு சொல்லித் திரிந்ததை நம்ப வேண்டாம்.

ஆடிட்டரம்மா மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"சம்பளத்துக்கு இல்லாம, வெளியில இருந்து வந்து வேலை செஞ்சு குடுத்த தனி ஆளுங்களுக்கு ஒரு அளவுக்கு மேல பணம் குடுத்தா, வருஷக் கடைசியில அவங்க பேரை வரி ஆபீசுக்குச் சொல்லணுங்க. பாலிஷ்காரர் இருக்கார். வேன்காரர் இருக்கார். நடுவுல உங்க மாப்பிள்ளை. அவரோட வரி எண் மட்டும் வேணும்."

பெரியவர் எழுந்து நின்றார். உட்கார்ந்து கேட்கக்கூடிய செய்தியாக அது அவருக்குப் படவில்லை.

"எங்க வீட்டு மாப்பிள்ளைக்கு அதுல என்ன வேலை?"

"கடைச் சாமானெல்லாம் போட்டோ எடுத்துக் குடுத்தாரே. பில் வந்திருக்கு. பணம் குடுத்ததும் தனி ஆள்னு காட்டணும்."

"காட்டட்டும் மாமா," என்றார் மாப்பிள்ளை. "நான் தனி ஆள்தானே."

"நீங்க பேசாம இருங்க மாப்பிள்ளை. கல்யாணத்துல அத்தனை பேர் முன்னால உங்களைக் கம்பெனி முதலாளின்னு சொன்னவன் நான்."

சொன்னது உண்மை. மண்டபமே தலையாட்டியது. தம்பி மட்டும் ஆட்டவில்லை. "கம்பெனி எங்கே அண்ணே இருக்கு? ஒரு நாள் கூட்டிட்டுப் போங்களேன்," என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பெரியவரின் காதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தனி ஆள் என்று ஒரு காகிதம் வெளியே போனால், இனி எந்த வீட்டு விசேஷத்திலும் அவர் தம்பிக்கு எதிரே நிமிர்ந்து உட்கார முடியாது.

"பதிவு பண்ணின கம்பெனிக்குப் பணம் குடுத்தா?"

"அது இந்தப் பட்டியல்ல வராதுங்க."

"மாப்பிள்ளைக்கு இன்னும் குடுக்கலைல்ல?"

"இல்லை."

"அப்ப இந்த வாரமே கம்பெனி ஆரம்பிங்க."

ஆரம்பித்தார்கள். கம்பெனிக்கு இயக்குநர்கள் வேண்டும் என்றார்கள்; மகளும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டார்கள். முகவரி வேண்டும் என்றார்கள். கடை மாடியில் கிடந்த உடைந்த கட்டில்களைத் தூக்கிப் போட்டுப் பெரியவர் இடம் கொடுத்தார். பெயர்ப்பலகை ஒன்று போதும் என்றார்கள். அவர் தெருமுனையிலிருந்தே படிக்கிற மாதிரி ஒன்றைத் தூக்கி மாட்டினார்.

தெருமுனையிலிருந்தே படித்தவர் தம்பி. அங்கிருந்தே போன் போட்டார்.

"அண்ணே, பலகை பிரமாதம். வர்ற வாரம் கம்பெனியைப் பாக்க வரேன். வேலையெல்லாம் நடக்குதுல்ல?"

"நடக்காம? நிக்க நேரமில்லை."

போனை வைத்ததும் பெரியவர் மாடிக்கு ஓடினார். அங்கே ஒரு கேமராவும் ஒரு பாயும்தான் இருந்தன. தெரிந்த கடைக்காரர்கள் அத்தனை பேரையும் அழைத்தார். விளக்குக் கடை, சோபா கடை, கண்ணாடிக் கடை என்று ஒருவர் விடாமல் போட்டோ ஆர்டர் கேட்டார். அவர் வாழ்நாளில் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை என்பதால், கேட்டவுடன் எல்லாரும் கொடுத்துவிட்டார்கள்.

சாமான்கள் வந்து இறங்கி மாடி நிறைந்தது. மாப்பிள்ளை ஒருவரால் சமாளிக்க முடியவில்லை. வெளியாளை வைத்தால் விஷயம் தம்பி காதுக்குப் போகும். அதனால் பெரியவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோபாவைத் திருப்பினார், விளக்கைத் துடைத்தார், பின்னால் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் கொஞ்சம் மேல மாமா."

"சோபா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்குது மாப்பிள்ளை. இந்தப் பக்கமா எடுங்க."

எடுத்த படம் கண்ணைப் பறித்தது. மாப்பிள்ளை கேமராவிலிருந்து தலையைத் தூக்கி மாமனாரை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார். பெரியவருக்குக் காது வரை சூடேறியது. அடுத்த சோபாவை அவர் யாரும் சொல்லாமலே தூக்கினார்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி மாடிப்படி ஏறி வந்தார்.

"என்ன அண்ணே, துணி காயப் போடறீங்களா?"

"மேற்பார்வை," என்றார் பெரியவர், துணியை இறக்காமல்.

தம்பி வாயைத் திறக்கவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு போனால் ஊர் முழுக்கத் திறக்கப்போகிறார் என்று அர்த்தம்.

மறுநாள் மகள் காசோலையை நீட்டினாள்.

"என்னடி இது?"

"கம்பெனியில யாரும் சும்மா வேலை செய்யக்கூடாதுப்பா. பில் குடுத்துட்டு வாங்கிக்குங்க."

"பெத்த பொண்ணுகிட்ட பில்லா?"

"கணக்குல ஒளிவுமறைவு இருந்தா குடும்ப மானம் போயிடும்னு சொன்னது யாரு?"

சொன்னது அவர்தான். முறைத்துக்கொண்டே பில் எழுதினார். அடுத்த மாதம் முறைக்காமல் எழுதினார். அதற்கடுத்த மாதம், "கண்ணாடி வேலைக்குக் கொஞ்சம் கூடப் போடணும், அது கஷ்டம்," என்று பேரம் பேசினார். பாலிஷ்காரரும் வேன்காரரும் இப்போது பாதி நாள் மாடியில்தான் இருந்தார்கள். கம்பெனி ஓடியது. மாப்பிள்ளை நிஜமாகவே முதலாளி ஆகிவிட்டார். வீட்டு விசேஷங்களில் பெரியவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

வருஷக் கடைசியில் ஆடிட்டரம்மா இந்தத் தடவை கம்பெனிக் கணக்குப் பார்க்க மாடிக்கு ஏறினார். மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். பெரியவர் குனிந்து பார்த்தார். பிறகு, கேட்டதை மறுத்துப் பழக்கமில்லாத பெரிய மனிதர் பாணியில், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, தன் வரி எண்ணைச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனார்.

சாயங்காலம் கடை வாசலில் வேன் நின்றது. தம்பி கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குப் பின்னறையிலயும் இருந்தேன், இன்னைக்கு மாடியிலயும் இருந்தேன், எல்லாம் என் காதால கேட்டேன். எங்க அண்ணன் மாப்பிள்ளைகிட்ட சம்பளத்துக்குச் சேந்துட்டார்."

படியில் உட்கார்ந்திருந்த பாலிஷ்காரர் நாற்காலியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தப்பு. சம்பளமெல்லாம் கிடையாது. எனக்கும் வேன்காரருக்கும் நடுவுல இருக்கார். தனி ஆள்."