ஹைட்ரஜனைச் சாமிக்கு விட்ட கணக்கு

வாழவந்தி நாடு, கொல்லிமலை,
1938, தை 21, வியாழக்கிழமை.

சிரஞ்சீவி மாப்பிள்ளை குழந்தைசாமி அவர்களுக்கு, மாமனார் முத்தன் நூறு ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், உங்கள் அத்தை மாதம்மாளும், பொங்கலுக்கு வந்து இன்னும் தங்கியிருக்கும் உங்கள் சம்சாரம் அத்தாயியும், மாடு கன்றுகளும் சுகம். திருச்சியில் உங்கள் குளிர்காய்ச்சல் இறங்கிவிட்டதா என்று எழுதவும்.

முதல் காரியம். போன வெள்ளிக்கிழமை நான் அனுப்பிய எக்ஸ்ரே பட்டியலை, இந்த வரியைப் படித்த கையோடு கிழித்து அடுப்பில் போட்டுவிடவும். திங்கட்கிழமை பேராசிரியர் கையில் அது போனால் உங்களுக்கு வரவேண்டிய டிமான்ஸ்ட்ரேட்டர் வேலை போச்சு. உள்ளே புதுப் பட்டியல் வைத்திருக்கிறேன். அதைக் கொடுங்கள்.

தப்பு என்னுடையதுதான். நீங்கள் இங்கே போர்வைக்குள் பல் தந்தியடிக்கப் படுத்துக்கொண்டு, "மாமா, என்னால பேனா புடிக்க முடியலீங்க, நீங்கதான் போட்டுக் குடுக்கோணும்" என்று சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. துறையூரில் நாலாம் பாரத்தோடு நின்றவனை நம்பி உலகத்தின் அத்தனை தனிமங்களையும் ஒப்படைத்தீர்களே! வரிசை எண்ணில் ஒன்றைக் கழி, மிச்சத்தை அதே மிச்சத்தால் பெருக்கு, வந்ததைப் பத்து புள்ளி இரண்டால் பெருக்கு, அந்தத் தனிமம் விடும் எக்ஸ்ரேயின் சக்தி ஏறக்குறைய அத்தனை எலக்ட்ரான் வோல்ட் என்றீர்கள். இரும்பு இருபத்தாறாவது, ஆகவே ஆறாயிரத்து முந்நூற்று எழுபத்தைந்து என்று போட்டும் காட்டினீர்கள். மற்றவற்றுக்கு நீங்கள் தந்த அச்சுத் தாளில் வரிசையாகப் பெயர்தான் இருந்தது, எண் இல்லை, எண்ணிக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தூளியில் ஏறி மலையிறங்கிவிட்டீர்கள். நான் மிளகை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினேன். எண்ண எண்ணக் கிறுக்குப் பிடித்துவிட்டது மாப்பிள்ளை. அரிவாள், செம்புக் குடம், கொலுசு என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் கணக்குப் போட்டுச் சுவரெல்லாம் கரியால் எழுதினேன். உங்கள் அத்தையின் மூக்குத்திக்கு அறுபதாயிரத்துச் சொச்சம் வந்தது. "அத்தனையும் என்ர மூக்கு மேலயா குந்தியிருக்குது? நாந் தும்முனா ஊடு தாங்குமா?" என்று அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டே இரண்டு நாள் நடமாடினாள்.

இன்று காலை களத்தில் சாமை அளந்தோம். நான் முதல் வள்ளத்தை அளந்து கொட்டி "ஒண்ணு" என்று வாய் திறந்தேன். மாதம்மாள் பாய்ந்தாள்: "ஏனுங், புத்தி கெட்டுப்போச்சா? மொத வள்ளம் அறப்பளீசுவரருக்கு. அத என்னைக்கு எண்ணியிருக்குறோம்?" எனக்குச் சொரேர் என்றது. மிளகையும் அப்படித்தானே எண்ணினேன்! பழகிய கை முதல் மிளகைச் சாமிக்கு ஒதுக்கிவிட்டது. அதாவது ஹைட்ரஜனைச் சாமிக்கு விட்டுவிட்டு, ஹீலியத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று போயிருக்கிறேன். அதற்குமேல் நீங்கள் சொன்ன ஒன்றையும் கழித்தேன். சாமிக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று இரண்டு போய்விட்டது. செம்பு நிக்கலின் எண்ணையும் தங்கம் பிளாட்டினத்தின் எண்ணையும் உடுத்திக்கொண்டு, ஊரே பக்கத்து வீட்டு வேட்டியில் நிற்கிறது. ஓடிவந்தேன். அத்தாயி அழகாக நகல் எடுத்து உங்களுக்கு அனுப்பியதில் இன்னொரு பிரதி வீட்டில் இருந்தது. அதில் ஒவ்வொரு எண்ணையும் அடித்துவிட்டு, அடுத்த வீட்டு எண்ணை எடுத்து எழுதினேன். எண் என்னவென்று நின்று பார்க்கக்கூட நேரமில்லை. அதுதான் உள்ளே இருக்கிறது. வேலை கிடைக்கும், கவலை வேண்டாம். மாமனாரை மன்னிக்கவும்.

கொல்லிமலைக் காற்றும் அறப்பளீசுவரர் அருளும் உங்கள் பக்கம் வீசட்டும். அத்தை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள், மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

இப்படிக்கு,
முத்தன்.

பின்குறிப்பு: இந்தப் பின்குறிப்பை முதலில் படிக்கவும். இப்போதுதான் அத்தாயி கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, நீங்க மொதல சாமிக்கு உடுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? இரும்புக்கு அவரு ஆறாயிரத்துச் சொச்சம் சொன்னாரு, நீங்க அஞ்சாயிரத்துச் சொச்சம் போட்டிருந்தீங்க. நகல் எடுக்கறப்பவே எல்லாத்தையும் ஒரு படி ஏத்தித்தான எழுதுனேன்" என்கிறாள். ஆகவே வெள்ளிக்கிழமை அனுப்பியதுதான் சரி. இன்று நான் மறுபடி ஏற்றியது தப்பு. அடுப்பில் போட வேண்டியது உள்ளே இருக்கும் இந்தப் புதுப் பட்டியலைத்தான். எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதைவிட அதிகமாகப் பெருமையாக இருக்கிறது. கடிதத்தை மாற்றி எழுத நேரமில்லை, புளியஞ்சோலைக்கு இறங்கும் மிளகுப் பொதிக்காரர்கள் வாசலில் கத்துகிறார்கள். மாப்பிள்ளை முதல் வரியைப் படித்த கையோடு கிழித்துவிட்டால் என்ன செய்வது என்று நான் நடுங்கினால், இவள் சிரிக்கிறாள்: "அவரு எந்தக் கடுதாசியையும் கடைசியிலிருந்துதானுங்கப்பா படிப்பாரு. நான் எப்ப வாரேன்னு அங்கதான எழுதியிருக்கும்."

புதன்கிழமை வருகிறாளாம்.