ஞாயிறு எட்டு மணிப் புள்ளி

வேலைக்காக நான் ஊரை விட்டுக் கிளம்பியது ஒரு புதன்கிழமை. கண்ணில் தூசி விழுந்தது, கசக்கினேன். "பாரு, அழறா. மூணு மாசம் தாங்க மாட்டா" என்றார் சித்தப்பா. வண்டி தெருமுனைகூடத் திரும்பவில்லை.

புள்ளி இணைப்பவர் என்றொரு இனம் உண்டு, உங்களுக்கும் தெரிந்ததுதான். இரண்டு முறை பார்த்தால் போதும், நடுவில் உள்ளதை அவரே வரைந்துகொள்வார். மாடிவீட்டுக்காரர் இரண்டு தடவை சிரிக்கவில்லையா? சிடுமூஞ்சி. புது மருமகள் இரண்டு தடவை கொட்டாவி விட்டாளா? சோம்பேறி. முடிந்தது விசாரணை.

வேடிக்கை என்னவென்றால், சித்தப்பாவுக்குப் பிழைப்பே புள்ளிகளோடுதான். மின்கருவி பழுதுபார்க்கும் பட்டறையில், மின்னலைகளை வரைந்து காட்டும் டிஜிட்டல் ஆசிலோஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்து, கூட வேலை செய்பவர்களை விரட்டுவார்: "இது அலையை முழுசாப் பாக்குதுன்னு நினைச்சியா? அங்கங்க தொட்டுப் புள்ளி எடுக்குது, கோடு போட்டுச் சேக்குது, அவ்வளவுதான். ஒவ்வொரு சுத்துலயும் ஒரே இடத்துல தொட்டா, ஆடுற அலையும் நேர்கோடாத்தான் தெரியும். ஏமாந்துடாத!"

அப்பேர்ப்பட்டவர் எனக்கு ஞாயிறுதோறும், பிசகாமல் காலை எட்டு மணிக்குப் போன் செய்வார். எனக்கு வாரத்தில் ஒரே விடுமுறை, துணி துவைத்துக்கொண்டிருப்பேன். மற்ற ஆறு நாட்களில் படகேறினேன், பனியில் விழுந்தேன், இரண்டு மொழிகளில் சண்டை போடக் கற்றேன். சித்தப்பாவின் திரையில் மட்டும் ஒரே நேர்கோடு: துணி துவைக்கிறாள்.

மாட்டிக்கொண்டவள் அவர் மகள். தொலைதூர ஊரில் அவளுக்கு வேலை கிடைத்து, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"அக்கா மாதிரி துணி துவைக்கவா அவ்வளவு தூரம் போகணும்? இங்கயே துவை."

"அப்பா, உங்க ஸ்கோப்பு அக்காவை வாரத்துக்கு ஒரு புள்ளிதான் எடுக்குது. அதுவும் ஒரே இடத்துல!"

மறுநாள் திங்கட்கிழமை சித்தப்பா என்னை ஒன்பது முறை போனில் கூப்பிட்டார். பேருந்தில் தொங்கிக்கொண்டிருந்தேன், பாலத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தேன், முதலாளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், தோழிகளோடு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, நீ ஒரு இடத்துல நிக்கவே மாட்டியா?"

அலை தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தங்கை சம்மதம் எழுதி அனுப்பினாள்.

இதெல்லாம் நடந்து நான் ஊர் திரும்பியும் இரண்டு வருடமாகிறது. ஒரே பக்கத்தில் பார்த்த சித்தப்பாவை முழுசாகத் தெரிந்துகொண்டதுபோல் நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள், இல்லையா? நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், நேற்று தங்கையிடமிருந்து செய்தி வரும்வரை:

"அக்கா, எப்பப் பாத்தாலும் நான் தலை வாரிட்டே இருக்கேன்னு வீட்டுல சொன்னியாமே? நீ கூப்பிடறதே தினம் காலைல எட்டரைக்குத்தானே!"