நொய் அக்காவின் கடையை நான் திறந்துவைத்த விதம்

பயணம் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே புத்திமதி இதுதான்: கொண்டுபோன உடுப்பு முழுவதையும் ஒரே நாளில் தோய்க்கக் கொடுக்காதீர்கள். கடவுச்சீட்டுத் தொலைந்தால் போய்ச் சொல்லத் தூதரகம் இருக்கிறது. வயிற்றைக் குழப்பினால் மருந்துக்கடை இருக்கிறது. உடுப்பில்லாதவன் போய் முறையிட உலகத்தில் ஓர் அலுவலகமும் இல்லை.

தொழிற்பயிற்சி முடித்த கையோடு முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு தாய்லாந்துக்குக் கிளம்பினேன். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் 'என்னை நானே தேடப் போகிறேன்' என்று சொன்னேன். (பிறந்து வளர்ந்த சுவிஸ் ஊரான எம்மன்புரூக்கேயில் நான் கிடைக்கமாட்டேன் என்று எப்படியோ முடிவு கட்டியிருந்தேன்.) அம்மா எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. பைக்குள் ஒரு வெள்ளை வேட்டியையும் திருநீற்று டப்பாவையும் மட்டும் திணித்துவிட்டார்.

"அங்கையும் கோயில் இருக்குமாம். களிசானோடை போய் நிக்காதை."

போன இடத்தில் என்னைத் தேடுவதற்கு முன்னால், நான் எந்த நாட்டவன் என்பதையே நிறுவவேண்டி வந்தது. பஸ்காரர், பழக்கடைக்காரி, விடுதிக்காரர் எல்லோரும் "இந்தியா?" என்றார்கள். "சுவிஸ்" என்றால் நல்ல பகிடி கேட்டதுபோலச் சிரித்தார்கள். ரயிலில் அறிமுகமாகி என்னோடு ஒட்டிக்கொண்ட ரேத்தோவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவன் இன்டர்லாக்கன்காரன், பனிக்காலத்தில் மலை லிஃப்டில் வேலை செய்கிறவன். அவன் "சுவிஸ்" என்றால் உடனே "ஓ, சாக்லேட்!" என்பார்கள். பக்கத்தில் நிற்கும் எனக்கு அந்தச் சாக்லேட்டில் ஒரு துண்டும் கிடைப்பதில்லை.

சியாங் மாயில் ஒரு விடுதியில் தங்கியிருந்தபோதுதான் அந்த முட்டாள்தனம் நடந்தது. வாரக்கணக்கில் வியர்த்து ஊறிய உடுப்பையெல்லாம் அள்ளி விடுதியிலேயே தோய்க்கக் கொடுத்தோம். அன்றைக்கே மழை பிடித்தது. அடுத்த நாளும் ஒன்றும் காயவில்லை. ரேத்தோவுக்கு நீச்சல் காற்சட்டை மிஞ்சியது. எனக்கு வேட்டி.

பகலளவில் மழை விட்டது. பசி. வேட்டியைக் கட்டிக்கொண்டு, வெறும் மேலோடு போவது அந்த ஊரில் மரியாதையில்லை என்று துவாயைத் தோளில் போர்த்திக்கொண்டு சாப்பாட்டுக்கடை தேடி இறங்கினேன். அந்த நேரம் பார்த்து அம்மா வீடியோ அழைப்பில் வந்தார். சுவிஸில் அப்போது விடிகாலை. அவர் அலுவலகத் துப்புரவு வேலைக்குப் போகப் பஸ் தரிப்பில் நின்றிருந்தார்.

"என்னடா இது கோலம்?" என்றவர் உடனே முகம் மலர்ந்தார். "வேட்டியோ! திருநீறும் பூசு, வடிவாயிருக்கும்."

டப்பா வேட்டி மடிப்புக்குள்தான் இருந்தது. பூசினேன். சந்தியில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். அந்த ஊர்ச் சனம் பிள்ளையாரில் உயிரையே வைத்திருக்கிறது. அவருக்கு முன்னால் சிவப்புச் சோடாப் போத்தல்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஸ்ட்ரோவும் குத்தியிருந்தார்கள். அம்மா அதைப் பார்த்ததும் "ஒரு தேவாரம் பாடிப்போட்டுப் போ" என்றார். நடுத்தெருவில், வேட்டியோடு, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துப் பாதி மறந்த தேவாரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். மறந்த இடங்களில் அம்மா போனுக்குள் இருந்து எடுத்துக் கொடுத்தார்.

கண்ணைத் திறந்தால் முன்னால் ஒரு பெரியவர் கைகூப்பிக்கொண்டு நிற்கிறார். தாய்லாந்து மொழியில் ஏதோ கேட்டார். கடைசிச் சொல் 'பிராம்' என்பதுபோலக் கேட்டது. பக்கத்துக் கடையைக் காட்டினார். அங்கிருந்து அருமையான சூப்பு வாசனை வந்துகொண்டிருந்தது. சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"ஓம், ஓம்" என்றேன்.

(யாழ்ப்பாணத் தமிழில் 'ஓம்' என்றால் 'ஆமாம்'. அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. ஆனால் நீறும் வேட்டியுமாகப் பிள்ளையாருக்கு முன்னால் நிற்கிறவன் வாயிலிருந்து அது வந்தால் கேட்கிறவர் என்ன நினைப்பார்?)

பெரியவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அது புத்தம் புதிய நூடில்ஸ் கடை. வாசலில் பூமாலை, பாய், பாயில் அக்கம்பக்கத்துச் சனம், நடுவில் ஒரு மேசை. மேசையில் ஊதுபத்தி, பூ, பழம், இளநீர், அவித்த முழுப் பன்றித்தலை ஒன்று. கடைக்காரி கைகூப்பி என்னை நிமிர்ந்து பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். கண் கலங்கியிருந்தது. எனக்குச் சாப்பாடு போடக் காத்திருந்த முகமாக அது தெரியவில்லை.

"அம்மா, இவையள் என்னை ஐயரெண்டு நினைச்சிட்டினம்."

"நீ என்னத்தைச் சொன்னனீ?"

"ஓமெண்டு சொன்னன்."

"பிறகென்ன?"

ஆங்கிலத்தில் "நோ, நோ, டூரிஸ்ட்" என்றேன். பெரியவர் சிரித்தபடி தலையாட்டி, தண்ணீர்ச் செம்பை என் கையில் தந்தார். கடைக்காரியோ சுவரில் இருந்த மணிக்கூட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். நல்ல நேரம் முடிகிறது, வரவேண்டியவர் இன்னும் வரவில்லை என்பதை விளங்கிக்கொள்ள மொழி தேவைப்படவில்லை.

"சனம் பாவம்," என்றார் அம்மா. "பயப்பிடாதை, நான் சொல்லுறன், நீ செய். எல்லாரிலையும் தண்ணியைத் தெளி. ஊதுபத்தியைக் காட்டு. அதென்னடா மேசையிலை? பண்டித்தலையோ? ஐயோ, என்ரை பிள்ளையாரே! அதை ஒரு துணியாலை மூடு!"

என் துவாயால் மூடினேன். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. வெளியே நீச்சல் காற்சட்டையோடு வந்து நின்ற ரேத்தோ, போனில் படம் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினான்.

"இனித் தேங்காயை உடை. பஸ் வருது, கெதியா."

தேங்காய் இல்லை, இளநீர்தான் இருந்தது. இளநீர் பச்சை மட்டையோடு பந்துபோல இருக்கும், அடித்தால் உடையாது என்பது எம்மன்புரூக்கே சூப்பர்மார்க்கெட்டில் தேங்காய் பார்த்து வளர்ந்தவனுக்கு எப்படித் தெரியும்? கோயிலில் பார்த்தபடி தலைக்குமேல் தூக்கி, வாசல் கல்லில் ஓங்கி அடித்தேன். அது துள்ளியது. துள்ளிப்போய், நூடில்ஸ் அடுக்கியிருந்த புதுக் கண்ணாடிப் பெட்டியில் மோதியது. கண்ணாடி நொறுங்கிப் பக்கத்தில் கொதித்துக்கொண்டிருந்த சூப்புப் பானைக்குள் கொட்டியது.

கடைக்காரி எழும்பி, தலையில் கைவைத்து அலறினார்.

"கொப்ஃபெர்டோரி!"

அது தாய்லாந்து மொழி இல்லை. கையிலிருந்த முட்டை தரையில் விழுந்தாலும், வீதியில் கார்க்காரன் குறுக்கே வந்தாலும் சுவிஸ்காரர் வாயில் வரும் சொல். நான் என்னையறியாமலே எங்கள் லுட்சேர்ன் வட்டார ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"உனக்கு எந்த ஊர்?" என்று சூரிச் ஜெர்மனில் கேட்டார்.

"எம்மன்புரூக்கே."

"எம்மன்புரூக்கேயில் எப்போதிருந்து பிராமணரைத் தயாரிக்கிறார்கள்?"

இப்படித்தான் நொய் அக்கா எனக்குப் பழக்கமானார். 'பிராம்' என்றால் அங்கே பிராமணப் பூசகர். ஒழுங்குபண்ணியவரின் வண்டி வழியில் நின்றுவிட்டது. நொய் அக்கா கல்யாணமாகி சூரிச்சுக்குப் போனவர். லாங்ஸ்ட்ராஸ தெருப் பக்கம் ஒரு ஹோட்டலில் துணி தோய்க்கும் பகுதியில் பல வருடம் வேலை. கல்யாணம் முறிந்தது. விசாவும் அதோடு முடிந்தது. திரும்பி வந்து, மிச்ச வாழ்க்கைக்கென்று தொடங்கிய கடை இது. தொடங்கிய அன்றே நான் வந்து சேர்ந்திருக்கிறேன்.

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடியைக் கூட்டத் தொடங்கினார். எனக்கு அது அழுகையைவிடக் கஷ்டமாக இருந்தது. குனிந்து துண்டுகளைப் பொறுக்கினேன். மேசையில் கிடந்த என் போனிலிருந்து குரல் வந்தது.

"ஹலோ? ஹலோ, ஃப்ராவ்?"

அம்மா. ஜெர்மனில்.

ஒன்று சொல்லவேண்டும். என் அம்மா ஜெர்மன் (எங்கள் சனத்தின் வாயில் அது 'டொச்') பேசி நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடம், டொக்டர், நகரசபை எங்கே போனாலும் நான்தான் கதைப்பேன். எட்டு வயதில் தொடங்கிய உத்தியோகம். அம்மா பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தபடி இருப்பார். அவருக்கு ஜெர்மன் வராது என்பது எனக்கு, ஏரி நனைந்திருக்கும் என்பதுபோல, கேள்வியில்லாத உண்மை.

அந்த அம்மா இப்போது பஸ்ஸுக்குள்ளிருந்து, மூச்சுவிடாமல் கதைக்கிறார். ஆண்பால் பெண்பால் எல்லாம் இடம்மாறிக் கிடந்தன. வினைச்சொற்கள் பாதி வழியில் இறங்கிவிட்டன. நொய் அக்காவின் ஜெர்மனும் அதே சாதி. ஆனால் இருவருக்கும் ஒரு சொல்கூடத் தடக்கவில்லை. முதலில் என்னைத் திட்டினார்கள். அதில் முழு உடன்பாடு. பிறகு எந்தக் கட்டிடத்தில் வேலை, மேற்பார்வைக்காரி எப்படிப்பட்டவள், படிக்கட்டுக் கழுவும் மருந்தில் கை எப்படி வெடிக்கும் என்று போனது. நொய் அக்கா தன் உள்ளங்கையைக் கமராவில் காட்டினார். பஸ் ஜன்னலோரம் அம்மா கையுறையைக் கழற்றித் தன்னுடையதைக் காட்டினார்.

அந்தக் கையை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். பார்த்தேனா என்றால், தெரியவில்லை.

"நீ என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறாய்?" என்றார் அம்மா தமிழில். "அந்த மனுசிக்கு உள்ளி உரிச்சுக் குடு!"

பூண்டை உரித்தேன். ரேத்தோ வெங்காயம் வெட்டினான், அழுதான். நொய் அக்கா புதுச் சூப்பு வைத்தார். அதற்குள் உண்மையான பிராம் வந்து சேர்ந்தார். தலைமுடியைக் கொண்டையாகக் கட்டிய, சாந்தமான ஒரு மனிதர். கதையைக் கேட்டு என் தோளில் தட்டிவிட்டு, வேறு நல்ல நேரம் குறித்து, எல்லாவற்றையும் முறையாகச் செய்தார். வேலை ஒழியும்போது மாலையாகிவிட்டது. கடை நிறையச் சனம். பாதிப்பேர் வேட்டியோடு கோப்பை கழுவும் பூசகரைப் பார்க்க வந்தவர்கள். அடுத்த சில நாள்களும் அந்தக் கடையில்தான் நின்றேன். தேடிப்போன 'நான்' பற்றி யாரும் கேட்கவில்லை, எனக்கும் ஞாபகம் வரவில்லை.

ரேத்தோவின் வீடியோ எனக்கு முன்னால் சுவிஸுக்கு வந்து சேர்ந்தது. இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யாராவது வீடு குடிபுகுந்தாலோ கார் வாங்கினாலோ, "பாங்கொக் ஐயரைக் கொஞ்சம் தள்ளி இருத்துங்கோ" என்கிறார்கள். (சியாங் மாய் என்று திருத்திப் பார்த்துக் களைத்துவிட்டேன்.)

அம்மாவும் நொய் அக்காவும் அதன்பிறகு பேச்சை நிறுத்தவேயில்லை. நகரசபைக்கு அம்மா இப்போது தனியாகத்தான் போகிறார். "நீ வந்தா அவையள் உன்னோடைதான் கதைப்பினம்" என்று என்னை வீட்டிலேயே விட்டுவிடுகிறார். போன பனிக்காலத்தில் விடுமுறை எடுத்துக்கொண்டு சியாங் மாய்க்கே போய்விட்டார். அங்கிருந்து ஒருநாள் அழைத்தார். கடை வாசலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நொய் அக்கா என்னைப் பார்த்து ஏதோ சொல்ல, இருவரும் கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். உலகத்தில் உள்ள எந்த ஜெர்மனிலும் அப்படி ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

"என்னம்மா சொல்லுறா?" என்று கேட்டேன்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அது உனக்கு விளங்காது தம்பி. நாங்கள் எங்கடை டொச்சிலை கதைக்கிறம்."