அந்தோணியாருக்குப் போட்ட கால்

சேசு மரி சூசை துணை

கம்பைநல்லூர் வழி
18-6-1985

அன்பும் படிப்பும் நிறைந்த மகள் ராஜமேரிக்கு, பெரியப்பா பெரியநாயகம் எழுதிக்கொள்வது. நானும் உன் பெரியம்மா மதலேனம்மாளும் கறவை மாடும் கன்றும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். மெட்ராஸில் நீயும் உன் ஆராய்ச்சி முயல்களும் சுகமாக இருக்க மன்றாடுகிறோம்.

முதலில் இந்தக் கையெழுத்துக்கு என்னை மன்னிக்க வேண்டும். எழுத்துகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, சந்தைக்கு ஓட்டிப்போகும் ஆடுகள் மாதிரி கோட்டை விட்டு வெளியே ஓடுகின்றன. 'ழ' வந்தால் பேனாவைக் கீழே வைத்து மூச்சு வாங்கிக்கொள்கிறேன். முதியோர் கல்வி காவேரி டீச்சர், "மெதுவா எழுதுங்க, யாரும் தொரத்தல" என்கிறது. இது நான் என் கையால் எழுதும் முதல் கடிதம். இதுவரை உனக்கு வந்ததெல்லாம் நான் சொல்லக் கோவில் உபதேசியார் சின்னப்பன் எழுதியவை. போன வருடம் நீ, "நான் எந்தப் பாவமும் செய்யவில்லை பெரியப்பா" என்று பதில் போட்டாயே, அப்போது எனக்கு விளங்கவில்லை. நான் சொன்னதெல்லாம் இங்கே மழை இல்லை என்பதுதான். மிச்சத்தைச் சின்னப்பன் சேர்த்திருக்கிறார்.

சமாச்சாரம் துக்கமானது. ஆனாலும் எழுத எழுத எனக்குச் சந்தோஷம் வந்துவிடுகிறது, அதற்கும் மன்னிக்கவும்.

உனக்குத் தெரிந்த கதைதான், எழுத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை. ஒன்பது வருடத்துக்கு முன் புளி உலுக்க ஏறிக் கிளையோடு கீழே வந்தேன். தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு சாண் தகடு வைத்து, கதவுக்கு முடுக்குவது போலத் திருகாணி முடுக்கினார்கள். போன மாதம் அதை வெளியே எடுத்தார்கள். எடுக்கப்போவது தெரிந்ததும் நீ ஒரு புட்டியில் மருந்துத் தண்ணீரும் கூடவே ஒரு கடிதமும் அனுப்பினாய். அதைப் படித்து முடிக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. வரியின் கடைசிக்குப் போவதற்குள் முதல் வார்த்தை மறந்துவிடும், மறுபடி முதலிலிருந்து சத்தம் போட்டுப் படிப்பேன். பெரியம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டே, "இன்னுமா அந்த ஒத்தை வரியத் தாண்டல?" என்பாள். உப்புத் தண்ணீரில் ஊறிய தகடு உங்களிடம் உண்டு, முயலுக்குள் மூன்று மாதம் இருந்த தகடு உண்டு, மனிதனுக்குள் ஒன்பது வருடம் நடந்த தகடு ஒன்றுகூட இல்லை, உடம்பு அதை எப்படி அரிக்கிறது என்பது அதில்தான் தெரியும் என்று எழுதியிருந்தாய். கழுவக்கூடாது, தேய்க்கக்கூடாது, சூடு படக்கூடாது, இருபத்தெட்டாம் தேதி வெளியூர்ப் பேராசிரியர் வருவதற்குள் வேண்டும், அது இல்லாவிட்டால் உன் ஆராய்ச்சியின் கடைசி அத்தியாயம் நிற்காது என்றும் எழுதியிருந்தாய். மகளே, நீ எங்களிடம் எதுவும் கேட்டதில்லை. முதல் முதலாக ஒன்று கேட்டாய், அதுவும் வேறு யாராலும் கொடுக்க முடியாததை. நான் முயலைவிட மேல் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இங்கேதான் வினை வந்தது. நான் விழுந்தபோது, மறுபடி நடந்தால் வெள்ளியில் ஒரு கால் செய்து போடுவதாகப் பெரியம்மா அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள். வெள்ளி விற்ற விலையில் அது அப்படியே நின்றுபோனது. இந்த வருடம் திருவிழாக் கொடி ஏறிய அன்று கோவிலுக்குப் போனேன். அந்தோணியார் சுரூபத்தின் பக்கத்தில் வெள்ளிக் கண், தகரக் கை, மரத் தொட்டில் எல்லாம் தொங்கும் கம்பியில், ஒரு சாண் நீளத் தகடு, வரிசையாகத் துளைகளோடு பளபளவென்று தொங்கியது. வீட்டுக்கு ஓடினேன். திருவிழா முடிந்து அனுப்பலாம் என்று தகட்டைப் போட்டு அலமாரியில் வைத்திருந்த புட்டியைக் காணோம். பெரியம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், கையெல்லாம் புளியும் சாம்பலும்.

"கோயில்ல தொங்கறது நீ போட்டதா?"

"ஆமா. ஒம்பது வருசத்து நேர்ச்சை. சாமிக்கு எத்தினி நாளு டிமிக்கி குடுக்கறது?"

"தேச்சியா?"

"பின்ன? அழுக்கோடவா போடுவாங்க? புளி போட்டு, சாம்பல் போட்டு, கை நோவத் தேச்சேன்."

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். பிறகு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அந்த வார்த்தைகளை டீச்சர் இன்னும் கற்றுக்கொடுக்கவில்லை. அன்றிலிருந்து பெரியம்மா என்னோடு பேசுவதில்லை. சோறு வைத்தால் தட்டு மட்டும்தான் சத்தம் போடுகிறது. பட்ட காலிலேயே படுகிறது பார், அதே வாரம் மாட்டுக் கொட்டகைக் கதவு ஏன் என்று தெரியாமல் ஒரு பக்கம் கழன்று சாய்ந்து, கன்றுக்குட்டி வெளியே வந்து என் பாடப்புத்தகத்தில் 'ப' முதல் 'வ' வரை தின்றுவிட்டது. பங்குச் சாமியாரிடம் போய் அழுதேன். "நேர்ந்து போட்டதைத் திருப்பிக் குடுத்தா, நாளைக்கு எல்லாரும் வந்து கோழியத் திருப்பிக் கேப்பாங்க. திருவிழா ஏலத்துல எடுத்துக்குங்க" என்றுவிட்டார்.

பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் ஏலம். பூசணிக்காய், சேவல், எலுமிச்சம்பழம் எல்லாம் போன பிறகு சின்னப்பன் தகட்டைத் தூக்கிக் காட்டினார். நான் ஒருவன்தான் கேட்பேன் என்று இருந்தேன். மாட்டுத் தரகன் மாது, வருடாவருடம் ஏலத்துக்கு வருகிறவன், என் முகத்தைப் பார்த்தான். "அண்ணன் இந்தத் துடி துடிக்கறாருன்னா அது இரும்பா இருக்காது, பிளாட்டினம்" என்று அவனும் ஏற்றிவிட்டான். நான் ஏற்ற, அவன் ஏற்ற, நான் ஏற்ற, கடைசியில் பொறுக்கமாட்டாமல் எழுந்து நின்று, ஊர் பார்க்க வேட்டியைத் தூக்கித் தொடைத் தழும்பைக் காட்டினேன். "டேய், இது என் காலுக்குள்ள இருந்ததுடா! என் புள்ள படிப்புக்கு வேணும்டா!" சாமியார் கூரையைப் பார்த்தார். மாது கும்பிட்டான். "படிப்புக்குன்னா விட்டுட்டேங்கண்ணா. உங்க காலு உங்களுக்கே." என்ன விலைக்கு எடுத்தேன் என்று மட்டும் கேட்காதே. கையில் வாங்கினால் என்ன கனம்! இத்தனையையும் உள்ளே வைத்துக்கொண்டா ஒன்பது வருடம் ஏர் ஓட்டினேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

நேற்றுத் துணியில் தைத்துப் பதிவுப் பார்சலில் அனுப்பிவிட்டேன். போஸ்ட் மாஸ்டர், "உள்ள என்னாங்க?" என்றார். "என் காலுங்க" என்றேன். அவர் முத்திரையை மெதுவாகக் குத்தினார்.

ஆனால் மகளே, அதில் நீ தேடியது இருக்காது. ஒன்பது வருடம் என் உடம்பு எழுதி வைத்ததைப் பெரியம்மா ஒரு உருண்டைப் புளியில் அழித்துவிட்டாள். எழுதியது அழிந்தால் எப்படி இருக்கும் என்று இப்போது எனக்கும் தெரியும். பேராசிரியரிடம் குற்றம் எங்களுடையது என்று சொல். பெரியம்மாவைக் கோபிக்காதே, அவள் என்மேல் வைத்த பாசத்தில் செய்தது. இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் இங்கே எழுதிவிட்டேன்.

அந்தோணியார் உன்னையும் உன் முயல்களையும் காப்பாற்றுவாராக. விடுதியில் நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு, கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடும்
பெரியப்பா
பெரியநாயகம்

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் பெரியம்மா காதில் விழும்படி சத்தமாகப் படித்தேன். கடைசிப் பத்தி வந்ததும் இரண்டு வாரத்தில் முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"கதவுப் பட்டைய ஏலம் எடுத்த மொத ஆளு நீங்கதான்."

"என்ன சொல்ற?"

"வெள்ளிக்கு எங்க போறது? கொட்டாய்க் கதவுக் கீலுப் பட்டை ஓட்டை ஓட்டையா அதே மாதிரி இருந்திச்சி, தேச்சிப் போட்டேன். அந்தோணியாருக்குத் தெரியும்."

"அப்ப ஏன்டி சொல்லல?"

"கேட்டீங்களா? தேச்சியான்னீங்க, தேச்சேன்னேன். அப்புறம் அத்தினி பேச்சு பேசினீங்களே, எவ சொல்லுவா? ஏலத்தன்னிக்குக்கூட மனசு கேக்காம பொம்பளைங்க பக்கத்திலிருந்து கையாட்டினேன். நீங்க வேட்டியத் தூக்கிட்டீங்க, நான் முக்காட்டப் போட்டுக்கிட்டு வூட்டுக்கு வந்திட்டேன். புள்ள கடுதாசிய மூணு நாளு கத்திக் கத்திப் படிச்சது நீங்க, மனசுல நின்னது எனக்கு. அலமாரில வெயிலு அடிக்குதுன்னு புட்டியக் கேவுருப் பானைக்குள்ள வெச்சிருக்கேன்."

எடுத்துக் காட்டினாள். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். தகடு மங்கலாக, அழுக்காக, துளைகளைச் சுற்றி ஊசியால் குத்தினது போலப் பொடிப்பொடிக் குழிகளோடு அப்படியே இருக்கிறது. இவ்வளவு அழகான அழுக்கை நான் பார்த்ததில்லை. ஆகையால் பார்சலைப் பேராசிரியரிடம் காட்டிவிடாதே, அது கதவு. பத்திரமாக வை, கன்றுக்குட்டி இப்போது 'அ'வை நோட்டம் விடுகிறது. வருகிற திங்கட்கிழமை பஸ் ஏறி நாங்கள் இருவரும் புட்டியோடு வருகிறோம், புட்டியை அவள்தான் பிடித்துக்கொள்வாளாம். அடுத்த வாரம் உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். ஆனாலும் உனக்கு ஒரு கடிதம் எழுதுவேன்.